முற்றத்தை மூடலாமா? செட்டிநாட்டு வீடும் சித்திரை வெயிலும்

போன சித்திரையில் மதுரைப் பக்கம் ஒரு நண்பன் வீட்டுக் கிரகப்பிரவேசம். "செட்டிநாட்டு ஸ்டைல்ல கட்டியிருக்கேன், வந்து பாத்துட்டு உன் பிளாக்ல எழுதணும்" என்று நாலு தடவை போன் பண்ணியிருந்தான். போனேன். குறை சொல்ல முடியாது. வாசலில் திண்ணை. தரையெல்லாம் ஆத்தங்குடிக் கல். காரைக்குடியில் பழைய சாமான் கடையில் பிடித்த தேக்குத் தூண்கள் எட்டு. வீட்டு நடுவில் முற்றம். மழைக்கும் குரங்குக்கும் பயந்து முற்றத்துக்கு மேலே மட்டும் கண்ணாடி மாதிரி ஒரு பாலிகார்பனேட் ஷீட் போட்டு மூடியிருந்தான்.

காலை பதினோரு மணிக்கு அந்த முற்றத்தில் நிற்க முடியவில்லை. ஹோமப் புகை ஒரு பக்கம், மேலே இருந்து இறங்கிய சூடு இன்னொரு பக்கம். வந்தவர்கள் எல்லாரும் ஏ.சி. போட்ட ஒரே ஒரு படுக்கையறையில் போய் ஒண்டிக்கொண்டார்கள். சாப்பிட்டு முடித்துக் கிளம்பும்போது நண்பன் ஓரமாகக் கூப்பிட்டுக் கேட்டான்: "எல்லாம் அங்க இருக்கிற மாதிரியே தானே பண்ணேன்? கானாடுகாத்தான்ல மட்டும் எப்படிடா குளுகுளுன்னு இருக்கு?"

அப்போதைக்கு ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டேன். ஆனால் கேள்வி நியாயமானது. "நம் முன்னோர் அறிவியல்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் பதில்கள் அவனுக்கு உதவாது. அவனும் அதை நம்பித்தானே கட்டினான்! அதனால் கொஞ்சம் உட்கார்ந்து யோசித்து, குறிப்பெடுத்து எழுதுகிறேன். செட்டிநாட்டு வீடு உண்மையிலேயே எப்படிக் குளிர்ந்தது? எதனால் குளிர்ந்தது? யாருக்குக் குளிர்ந்தது?

முதலில் வீட்டைப் பார்த்துவிடுவோம்

செட்டிநாடு என்பது இன்றைய சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் பரவியிருக்கும் நகரத்தார் ஊர்களின் தொகுதி. முன்பு 96 ஊர்கள் என்பது கணக்கு. இன்று 70-க்குச் சற்று மேல். நாம் படங்களில் பார்க்கிற பெரிய வீடுகள் ஏதோ ஆயிரம் வருடப் பழமை கொண்டவை அல்ல. பெரும்பாலானவை 1850-க்கும் 1940-களுக்கும் இடையே கட்டப்பட்டவை. அதாவது ரயிலும் நீராவிக் கப்பலும் வந்த பிறகு. 2014-ல் இந்த ஊர்களின் தொகுதி ஒன்று யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

வீட்டின் அமைப்பு ஒரு நீளமான ரயில் பெட்டி மாதிரி. முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். முன்னால் திண்ணையும் முகப்பும். உள்ளே நுழைந்தால் வளவு: நடுவில் திறந்த முற்றம், அதைச் சுற்றித் தூண் வைத்த தாழ்வாரம், தாழ்வாரத்தை ஒட்டி வரிசையாக அறைகள். கல்யாணமான ஒவ்வொரு மகனும் ஒரு 'புள்ளி'. புள்ளிக்கு இவ்வளவு அறை என்று கணக்கு. அதைத் தாண்டினால் பந்தி நடக்கும் இரண்டாம் கட்டு, அதற்கும் பின்னால் அடுப்படியும் சாமான் அறைகளும் கிணறும் இருக்கும் கட்டுகள். முன்வாசலில் நின்றால் வாசல்களுக்குள் வாசலாகப் பின்தெரு வரைக்கும் பார்வை போகும்.

ஒரு விஷயத்தைக் கவனியுங்க. வளவைச் சுற்றியுள்ள அந்த அறைகள் சின்னவை, இருட்டானவை. இன்றைக்கு நாம் 'பெட்ரூம்' என்று நினைக்கிற இடம் அல்ல. சீர்வரிசைப் பாத்திரமும் பெட்டியும் வைக்கிற இடம், புருஷன் பெண்டாட்டிக்குத் தனிமை வேண்டும்போது கதவைச் சாத்திக்கொள்கிற இடம். மற்றபடி வாழ்க்கை முழுக்கத் தாழ்வாரத்தில்தான். இது பின்னால் முக்கியமாக வரும்.

சூரியன் எங்கே நிற்கிறது?

வெயிலுக்குத் தோதான வீடு என்றால் சூரியன் எந்தப் பக்கம் வருகிறது என்பதுதானே முதல் கேள்வி? ஐரோப்பியப் புத்தகங்களைப் படித்தால் 'தெற்குச் சுவர், தெற்கு ஜன்னல்' என்று பேச்சு நிறைய இருக்கும். அங்கே சூரியன் வருடம் முழுக்கத் தெற்கே சாய்ந்து நிற்கும். நம் கதை வேறு.

காரைக்குடி ஏறத்தாழ 10 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. சித்திரை பிறந்து ஓரிரு நாளில் நடுப்பகல் சூரியன் அங்கே நேர் உச்சியில் நிற்கும். ஒரு கம்பை நட்டு வைத்தால் நிழலே விழாது. பிறகு சூரியன் உச்சியைத் தாண்டி வடக்கே போகும். ஆவணி நடுவில் திரும்பி வரும்போது இன்னொரு முறை நேர் உச்சி. இடைப்பட்ட நாலு மாதத்துக்கும் மேல் நடுப்பகல் வெயில் வடக்குப் பக்கமாகத்தான் சாய்கிறது. அதுவும் பெரிதாக இல்லை, ஆனி மாதத்தில் அதிகபட்சம் 13 டிகிரி சொச்சம்.

இதன் பொருள் எளிமையானது. நடுப்பகலில் வடக்கு, தெற்குச் சுவர்கள் மேல் வெயில் உரசிக்கொண்டு போகிறதே தவிர அறைவதில்லை. கொஞ்சம் இறவாணம் நீட்டினால் போதும், நிழல் கிடைத்துவிடும். காலையிலும் மாலையிலும் தாழ்வாக வரும் வெயில் கிழக்கு, மேற்குச் சுவர்களை அறையும். எல்லாவற்றையும் விட அதிக அடி வாங்குவது கூரை. மேகம் இல்லாத நடுப்பகலில் ஒரு சதுர மீட்டர் கூரை மேல் கிட்டத்தட்ட 1000 வாட் வெப்பம் விழுகிறது. ஒரு அயர்ன் பாக்ஸ் எடுக்கிற அளவு. ஆயிரம் சதுர அடி மொட்டைமாடி என்றால் தொண்ணூறுக்கு மேற்பட்ட அயர்ன் பாக்ஸை வரிசையாகக் கவிழ்த்து வைத்த மாதிரி.

இப்போது அந்த ரயில் பெட்டி வீட்டை மறுபடி நினைத்துப் பாருங்க. வீடுகள் பெரும்பாலும் கிழக்கு அல்லது மேற்குப் பார்த்தவை. அப்படியானால் காலை, மாலை வெயிலை வாங்குவது வீட்டின் குறுகலான இரண்டு முனைகள்தான். நீளமான பக்கங்கள் வடக்கும் தெற்கும் பார்க்கின்றன. அவற்றிலும் பக்கத்து வீடு நெருங்கி நிற்பதால் சந்து நிழல் விழும். வாஸ்து, சடங்கு, தெரு அமைப்பு என்று காரணம் எதுவாகவும் இருக்கட்டும், பலன் இதுதான்: வெயில் அறையும் சுவர் குறைவு. மிச்சம் இருப்பது கூரைப் பிரச்சினை.

கூரைதான் முதல்

செட்டிநாட்டு வீட்டுக் கூரையில் இரண்டு வகை உண்டு. ஒன்று, நாட்டு ஓடு. கையகலத்தில் வளைந்த சின்ன ஓடுகளை ஒன்றன் மேல் ஒன்றாகப் பல அடுக்கு மேய்வார்கள். ஒவ்வொரு அடுக்குக்கும் இடையே காற்று நிற்கும். சுட்ட மண்ணும் காற்றும் மாறி மாறி இருப்பதால் மேல் ஓடு கொதித்தாலும் அடி ஓடு அவ்வளவு சுடாது. இடுக்குகள் வழியாக உள்ளேயுள்ள சூடான காற்றும் கசிந்து வெளியேறும். 1860-களில் பாசல் மிஷன்காரர்கள் மங்களூரில் தொழிற்சாலை ஓடு செய்யத் தொடங்கினார்கள். நம் ஊரில் அதற்குச் 'சீமை ஓடு' என்று பெயர். அது ஒற்றை அடுக்கு. மேய்வது சுலபம், ஒழுகாது, வருஷா வருஷம் பிரித்து மேய வேண்டாம். ஆனால் கீழே உட்கார்ந்தால் வித்தியாசம் தெரியும், நாட்டு ஓட்டுத் தாழ்வாரம்தான் குளிர்ச்சி.

இன்னொன்று தட்டையான மாடிக்கூரை. மெட்ராஸ் டெரஸ் என்பார்கள். தேக்கு உத்தரங்களை நெருக்கமாகப் போட்டு, அவற்றின் மேல் மெல்லிய செங்கலைச் செங்குத்தாக நிறுத்திச் சுண்ணாம்பில் அடுக்கி, அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, கட்டையால் நாள் கணக்கில் அடித்து இறுக்குவார்கள். கடைசியில் தட்டோடு. அடிக்கிற வேலை பெரும்பாலும் பெண்களுடையது. வரிசையாகக் குந்தி உட்கார்ந்து, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லத் தண்ணீரும் தெளித்துத் தெளித்து அடிப்பார்கள். கனமான கூரை அது. காலையில் ஏறுகிற சூடு கீழே வந்து சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிடும்.

இதோடு ஒப்பிட்டால் இன்றைய ஆர்.சி.சி. தளம் நாலு, ஐந்து அங்குலம். சூடு மத்தியானமே இறங்க ஆரம்பித்து ராத்திரி வரை ஃபேன் காற்றில் நம் மேல் வீசிக்கொண்டே இருக்கும். கான்கிரீட் கெட்டது என்று சொல்ல வரவில்லை. முப்பது, நாற்பது வருடம் முன்பு வரை தமிழ்நாட்டில் கான்கிரீட் தளத்துக்கு மேலேயும் செங்கல் ஜல்லிச் சுண்ணாம்பு போட்டுத் தட்டோடு பதிப்பது சாதாரண வழக்கம். அது மெட்ராஸ் டெரஸின் மிச்சம். செலவை மிச்சம் பிடிக்கிறோம் என்று முதலில் கைவிட்டது அதைத்தான். நண்பன் வீட்டிலும் அது இல்லை. தூணுக்குச் செலவழித்தவன் தட்டோட்டுக்குச் செலவழிக்கவில்லை.

சுவரும் முட்டை வெள்ளைக்கருவும்

செட்டிநாட்டுச் சுவர் என்றாலே முட்டைக் கதை வந்துவிடும். சுண்ணாம்பு, மணல், கடுக்காய், வெல்லம், கடைசிப் பூச்சில் முட்டை வெள்ளைக்கரு. ஆளுக்கொரு பக்குவம். இதெல்லாம் உண்மைதான். இன்றும் அந்த வேலை தெரிந்த கொத்தனார்கள் இருக்கிறார்கள். ஆனால் "முட்டையால்தான் வீடு குளிர்கிறது" என்பது சரியில்லை. முட்டைக்கரு பூச்சை வழவழப்பாக்கி மெருகேற்றும். கண்ணாடி மாதிரி மின்னும், அழுக்கு ஒட்டாது, அடிக்கடி வெள்ளையடிக்க வேண்டாம். குளிர்ச்சிக்குக் காரணம் வேறு இரண்டு. ஒன்று, வெள்ளை நிறம் வெயிலின் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். இரண்டு, சுவரின் கனம்.

ஒன்றரை, இரண்டு அடிக் கனத்துக்குச் செங்கல் சுவர். அந்தக் கனத்தில் வெளிச் சூடு உள்பக்கம் வந்து சேர ஏறத்தாழ அரை நாள் ஆகும். மத்தியானம் வெளியே கொதிக்கும்போது உள்சுவரைத் தொட்டால் ஜில்லென்று இருப்பது முந்தின ராத்திரியின் குளிர். சுவர் ஒரு பேங்க் மாதிரி. ராத்திரி குளிர்ச்சியைப் போட்டு வைத்துப் பகலில் எடுக்கிறோம்.

ஆனால் அரை நாள் கழித்துச் சூடும் வந்து சேருமே! சேரத்தான் செய்யும். ராத்திரி எட்டு, ஒன்பது மணிக்கு அந்தக் கனமான சுவர்களும் கூரையும் பகலில் குடித்த சூட்டை உள்ளே விடும். கதவைச் சாத்திக்கொண்டு அந்தச் சின்ன அறையில் கோடையில் படுத்தால் புழுங்கித்தான் சாக வேண்டும். 'பழைய வீடு எப்பவும் குளுகுளு' என்று சொல்பவர்கள் மத்தியானம் இரண்டு மணிக்குச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனவர்கள். அங்கே வாழ்ந்தவர்கள் ராத்திரி என்ன செய்தார்கள்? வெளியே வந்து படுத்தார்கள்.

முற்றம் என்ன செய்கிறது

இப்போது நண்பனின் முற்றத்துக்கு வருவோம். முற்றம் இரண்டு ஷிப்டில் வேலை செய்யும்.

ராத்திரி ஷிப்ட்தான் முக்கியமானது. தெளிந்த வானத்தைப் பார்த்துக்கொண்டு இருக்கும் எந்தத் தரையும், கூரையும் ராத்திரி தன் சூட்டை மேல்நோக்கி வீசி இழக்கும். ஓட்டுச் சரிவின் மேல் குளிர்ந்த காற்று கனமானது. அது வழிந்து முற்றத்துக் குழியில் இறங்கித் தேங்கும். அங்கிருந்து கதவு இல்லாத தாழ்வாரத்துக்குள் பரவி, சுவரையும் தூணையும் தரையையும் தடவிக் குளிர்விக்கும். மேலே சொன்ன பேங்கில் பணம் போடுகிற வழி இதுதான்.

பகல் ஷிப்டில் முற்றம் ஒரு புகைபோக்கி. சித்திரையில் உச்சி வெயில் நேராக முற்றத்துத் தரையில் விழும், சந்தேகமே வேண்டாம், கல் சுடும். ஆனால் சுட்ட காற்று மேலே எழும்பிப் போய்விடும். அந்த இடத்தை நிரப்ப முன்வாசல், பின்வாசல், சந்துப் பக்கம் எல்லாம் இருந்து நிழல் காற்று தாழ்வாரம் வழியாக வரும். ஆள் உட்காருவது முற்றத்தில் அல்ல, அதைச் சுற்றி அகலமாக விட்ட தாழ்வாரத்தில். இறவாணம் தாழ்வாக இறங்கியிருப்பதால் வெயில் அங்கே எட்டிப் பார்க்காது, வெளிச்சம் மட்டும் வரும்.

மேலே ஷீட் போட்டு மூடினால்? ராத்திரி சூடு வானத்துக்குப் போக வழி இல்லை. பகலில் வெயில் உள்ளே வரும், சூடான காற்று வெளியே போகாது. நண்பன் கட்டியது முற்றம் அல்ல, ஊட்டியில் பூச்செடி வளர்க்கிறார்களே, அந்தக் கண்ணாடி வீடு. மழைக்கு என்ன செய்வது என்று கேட்டால், பழைய வீட்டில் மழை விருந்தாளி. நாலு பக்கக் கூரைத் தண்ணீரும் முற்றத்து மூலைகளில் தகரத் தூம்பு வழியாக இறங்கும். கீழே அண்டா வைத்துப் பிடிப்பார்கள். மிச்சம் வடிகால் வழியாகத் தெருவுக்கும், அங்கிருந்து ஊருணிக்கும் போகும். மழை அதிகமாக ஐப்பசி, கார்த்திகையில் கொட்டிவிட்டு ஓடிவிடுகிற செம்மண் சீமையில் வீடும் ஊரும் சேர்ந்து தண்ணீர் சேமித்த ஏற்பாடு அது.

ஈரானின் யஸ்து நகரத்தில் காற்றுக்கோபுரம் வைத்தார்கள். அங்கே காற்று வறண்டது, தண்ணீர் மேல் தடவி விட்டால் ஜில்லென்று ஆகும். கேரளத்து நாலுகெட்டில் சரிவான கூரையும் மரச்சுவரும். யாழ்ப்பாணத்து நாற்சார் வீடு நம் முற்ற வீட்டுக்கு நெருங்கிய சொந்தம். எல்லாம் வெயில் நாட்டு வீடுகள்தான். ஆனால் ஒன்றின் துண்டைப் பிய்த்து இன்னொன்றில் ஒட்டினால் வேலை செய்யாது.

வீடு நிற்கும், ஆள் நகரும்

என் கணிப்பில், நண்பனின் கேள்விக்குப் பாதி பதில் இங்கே இருக்கிறது. அந்த வீட்டில் 'என் ரூம்' என்று ஒன்று கிடையாது. ஆள் வெயிலுக்கு ஏற்ப இடம் மாறிக்கொண்டே இருப்பார். கிழக்குப் பார்த்த வீடு என்றால் காலை வெயில் திண்ணையில் அடிக்கும், அப்போது உள்ளே. மத்தியானம் வளவுத் தாழ்வாரத்தில், வழவழ தரையில் பாய்கூட இல்லாமல் ஒரு தூக்கம். நாலு மணிக்கு மேல் திண்ணைக்கு நிழல் வந்துவிடும், பேச்சும் வரவுசெலவும் அங்கே. ராத்திரி முற்றத்திலோ மாடியிலோ படுக்கை. மார்கழியில் மட்டும் உள்ளே.

இது செட்டிநாட்டுக் கண்டுபிடிப்பும் அல்ல. சிலப்பதிகாரமே வேனிலுக்கு ஒரு படுக்கையிடம், கூதிருக்கு வேறொரு படுக்கையிடம் என்று பிரித்துப் பேசுகிறது. பருவத்துக்கு ஏற்ப வீட்டுக்குள்ளேயே குடிபெயர்வது நமக்கு அவ்வளவு பழைய பழக்கம்.

நாம் இப்போது நேர் எதிர். ஆள் ஒரே அறையில் ஒரே கட்டிலில் அசையாமல் இருப்போம், குளிர் நம்மைத் தேடி வரணும். அதற்குத்தான் ஏ.சி. பழைய வீட்டில் அந்தச் சின்ன இருட்டறைக்குள் கட்டிலைப் போட்டு, "ஐயோ, இங்கயும் புழுங்குதே" என்றால் வீடு என்ன செய்யும்?

குளிர்ச்சி யாருக்கு?

இதை எழுதாமல் விட்டால் கட்டுரை பொய்யாகிவிடும்.

என் அப்பத்தா ஊர் காரைக்குடிப் பக்கம். பெரிய வீட்டுக்காரி இல்லை. மண்சுவர், பனையோலைக் கூரை. கல்யாணம் காட்சி என்றால் பெரிய வீடுகளில் அடுப்படி வேலைக்குப் போவாள். சின்ன வயதில் ஒரு முறை, "அந்த வீடெல்லாம் ஏ.சி. மாதிரி இருக்குமாமே அப்பத்தா?" என்று கேட்டேன். "முகப்புல உக்காந்தா இருக்கும்டா. அடுப்படியில நின்னு பாரு" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

வீட்டின் திட்டத்தைப் பார்த்தால் அவள் சொன்னது அப்படியே வரைந்திருக்கிறது. விறகடுப்பைக் கடைசிக் கட்டில் வைத்தது புத்திசாலித்தனம்தான், சூடும் புகையும் முன்னால் வராது. ஆனால் அந்தச் சூடு எங்கும் போய்விடவில்லை. அது இருந்த இடத்தில் பெண்களும் வேலைக்காரர்களும் இருந்தார்கள். காற்றோட்டமான திண்ணையும் முகப்பும் ஆண்களுக்கும் வந்தவர்களுக்கும். கூரையை அடித்து இறுக்கியதும் கூலிக்கார உழைப்பு. வருடா வருடம் ஓடு பிரித்து மேய்ந்தது, வெள்ளையடித்தது, மாலையில் முற்றத்தில் தண்ணீர் தெளித்தது, பொழுதுக்குத் தக்கபடி கதவு ஜன்னல்களைத் திறந்து சாத்தியது, எல்லாம் யாரோ செய்த வேலை. மின்சாரம் இல்லாமல் குளிர்ந்த வீடு, உழைப்பு இல்லாமல் குளிரவில்லை.

பணமும் அப்படித்தான். தேக்கு பர்மாவிலிருந்து வந்தது. பளிங்கு இத்தாலி, வார்ப்பிரும்பு இங்கிலாந்து. 'உள்ளூர்ப் பொருளில் கட்டிய சுதேசி வீடு' என்பது பாதிதான் சரி. ஆத்தங்குடிக் கல்கூட உள்ளூர் மணலையும் சிமென்ட்டையும் சேர்த்து, கண்ணாடி மேல் வார்த்து, சூளையில் சுடாமல் செய்கிற கல். சிமென்ட் வந்த பிறகு பிறந்த மரபு அது. இதற்கெல்லாம் பணம் கொடுத்தது பெருமளவு பர்மாவின் நெல் வயல்களில் கொடுத்த கடனின் வட்டி. 1930-களின் பொருளாதார வீழ்ச்சியில் விவசாயிகள் கடன் கட்ட முடியாமல் போக, கீழ் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் 1930-ல் 6 சதவீதத்திலிருந்து 1938-ல் 25 சதவீதமாக ஆனது. நிலம் வேண்டுமென்று அவர்கள் போகவில்லை, பணம் திரும்பாததால் நிலமாக வந்தது என்பதும் உண்மை. நிலத்தை இழந்த பர்மிய விவசாயிக்கு அந்த வித்தியாசம் பெரிதாகப் பட்டிருக்காது. 1942-ல் ஜப்பான் படை வந்தது, பிறகு பர்மா விடுதலையாகி நிலத்தைத் தேசியமயமாக்கியது. வரத்து நின்றது. வரத்து நின்றதும் ஓடு மேயவும் வெள்ளையடிக்கவும் ஆள் நின்றது. பூட்டிய வீடுகளில் முதலில் இடிந்தது எது தெரியுமா? பெரும்பாலும் கூரை.

அப்பத்தாவின் ஓலை வீட்டையும் சொல்லணும். ஓலை வெயிலை அருமையாகத் தடுக்கும், ராத்திரி சூட்டைப் பிடித்து வைக்காது. மண்சுவர் கனமானது. இறவாணம் குனிந்துதான் நுழைய வேண்டிய அளவு தாழ்வு. பெரிய வீட்டின் சூத்திரம் அத்தனையும் அங்கேயும் உண்டு, தேக்கும் பளிங்கும் மட்டும் இல்லை. குறை என்னவென்றால் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மேயணும், தீப்பிடித்தால் எல்லாம் போச்சு. காசு வந்ததும் அப்பா முதலில் செய்தது அதைப் பிரித்துவிட்டுத் தளம் போட்டதுதான். தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வராது.

நண்பனுக்கு எழுதிய பதில்

கடைசியில் அவனுக்கு நான் அனுப்பியது இவ்வளவுதான்.

முதல் வேலை, முற்றத்து ஷீட்டைக் கழற்று. முடியாவிட்டால் இரண்டு அடி உயரத் தூக்கி, நாலு பக்கமும் கம்பி வலை மட்டும் வை. குரங்கு வராது, சூடு போகும். ஷீட்டும் ஒளி புகாத வெள்ளையாக இருக்கட்டும். ராத்திரிக் குளிர் முழுசாக இறங்காது, ஆனால் பகல் புழுக்கம் தீரும்.

இரண்டாவது, மாடியில் தட்டோடு பதி. கையில் காசு இல்லை என்றால் இந்தக் கோடைக்குச் சுண்ணாம்பாவது அடி. தூண் எட்டும் சேர்ந்து செய்யாத வேலையை அது செய்யும்.

மூன்றாவது, மேற்குச் சுவருக்கு நிழல் கொடு. பந்தலோ, வேம்போ, எதுவானாலும் சரி.

நாலாவது, பகலில் ஜன்னலைச் சாத்து, பொழுது இறங்கியதும் திற. எல்லாரும் தலைகீழாகச் செய்கிறார்கள்.

கடைசியாக ஒரு எச்சரிக்கையும் எழுதினேன். இந்த முறை முழுக்க ராத்திரிக் குளிர்ச்சியை நம்பி நிற்கிறது. காரைக்குடி மாதிரி ஊரில் கோடையில் பகலுக்கும் ராத்திரிக்கும் சுமார் 10 டிகிரி வித்தியாசம் கிடைத்ததால் அது ஓடியது. மதுரை மாதிரி நகரத்தில் சுற்றிலும் கான்கிரீட், ராத்திரியும் சூடு இறங்குவதில்லை. பூமியும் சூடாகிக்கொண்டு வருகிறது. அதனால் சித்திரை, வைகாசியில் உன் அம்மாவுக்கு ஏ.சி. வேண்டும் என்றால் கூச்சப்படாமல் போடு. மற்ற பத்து மாதம் வீடு பார்த்துக்கொள்ளும்படி செய்தால் போதும்.

போன வாரம் பதில் வந்தது. ஷீட்டைத் தூக்கி வலை போட்டுவிட்டானாம். தட்டோட்டுக்கு ஆள் கிடைக்கவில்லை, சுண்ணாம்பு அடித்திருக்கிறான். "அம்மா இப்போ மத்தியானம் முற்றத்து ஓரத்துலதான் படுக்கிறாங்க" என்று எழுதியிருந்தான். கூடவே ஒரு போட்டோ. தூணுக்குப் பக்கத்தில், ஆத்தங்குடிக் கல் மேல் பாய்கூட இல்லாமல், முந்தானையைத் தலைக்கு வைத்து அம்மா தூங்குகிறார்.

அடுப்படியில் ஜன்னல் பெரிதாக வைத்திருக்கிறானா என்று கேட்டிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.